அம்மாவின் கணக்கில் வங்கி பிடித்த பணம்: எதைத் திரும்பக் கேட்கலாம், கேட்டால் கணக்கை மூடிவிடுவார்களா?

வணக்கம். நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில், தர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு வயது 71. அரசின் சமூகப் பாதுகாப்பு முகமையான சாஸா தரும் முதியோர் உதவித்தொகை அவர் வங்கிக் கணக்கில் விழுகிறது. அதே வங்கியில் 6,000 ராண்ட் கடனும் 1,500 ராண்ட் ஓவர்டிராஃப்டும் (இருப்புக்கு மேல் எடுக்க வங்கி தரும் வசதி) இருக்கின்றன. ஃபியூனரல் பாலிசி எனும் இறுதிச் சடங்குக் காப்பீட்டுக்கு ஒரு டெபிட் ஆர்டர் (கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கத் தந்த அனுமதி), மரச்சாமான் கடைத் தவணைக்கு இன்னொன்று. மாதாமாதம் ஏதாவது ஒன்று பணமில்லாமல் திரும்புகிறது. திரும்பும் ஒவ்வொரு முறையும் வங்கி ஒரு கட்டணம் எடுக்கிறது. நான்கு மாதமாக, யாரென்றே தெரியாத பெயரில் 99 ராண்ட் போகிறது. போன மாதம் உதவித்தொகை வந்த அன்றே, கடன் பாக்கி என்று வங்கியே ஒரு தொகையை எடுத்துக்கொண்டது. இதையெல்லாம் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைக் கடிதம் எழுதவிடாமல் தடுப்பது, கேட்டால் கணக்கை மூடிவிடுவார்களோ என்ற அச்சம். அதற்குப் பதில் தெரியாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் வங்கி ஒரு வாடிக்கையாளரின் கணக்கை மூட முடியும். புளூம்ஃபொன்டெய்ன் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல், பிரெடென்காம்ப் என்பவர் ஸ்டாண்டர்ட் வங்கிமீது தொடுத்த வழக்கில், நியாயமான முன்னறிவிப்பு கொடுத்து வங்கி உறவை முடித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இன்றும் வங்கிகளுக்குப் பெரிய பலம். ஆனால் அது பொதுவெளியில் பேர் கெட்டுப்போகும் அபாயம் இருந்த பெரும் வணிகரின் விவகாரம். அதற்குப் பிறகு, நிதித்துறை நடத்தை ஆணையமான எஃப்.எஸ்.சி.ஏ 2020-இல் வங்கிகளுக்கென நடத்தை விதி ஒன்றை வெளியிட்டது. அதன்படி கணக்கை மூடும் வங்கி நியாயமான முன்னறிவிப்பும் காரணமும் தரவேண்டும். சட்டமே மூடச் சொன்னாலோ, கணக்கு குற்றத்துக்குப் பயன்படுவதாகச் சந்தேகம் இருந்தாலோதான் இதற்கு விலக்கு. கட்டணத்தைப் பற்றிக் கேள்வி கேட்டது ஒரு காரணமாகவே நிற்காது. அதைக் காரணம் என்று எழுத்தில் போட எந்த வங்கியும் துணியாது.

கடனையும் ஓவர்டிராஃப்டையும் பொறுத்தவரை உங்கள் பக்கம் இன்னும் வலுவானது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டத்தில் 66-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கடன் வாங்கியவர் அந்தச் சட்டத்திலோ ஒப்பந்தத்திலோ உள்ள தன் உரிமையைக் கேட்டார் என்பதற்காக, கடன் கொடுத்தவர் அவரைத் தண்டிக்கவோ, பாகுபாடு காட்டவோ, ஒப்பந்த நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றவோ, கடனை முன்கூட்டியே கட்டச் சொல்லவோ, ஒப்பந்தத்தை நிறுத்தவோ முடித்துவிடவோ கூடாது. கடிதத்தில் இந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிடுங்கள். கிளையில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தலைமை அலுவலகத்தில் புகார் பார்ப்பவருக்குத் தெரியும். ஆனால் 123-ஆம் பிரிவையும் சேர்த்தே படிக்க வேண்டும்: ஓவர்டிராஃப்ட் போன்ற வசதியை, குறைந்தது பத்து வேலைநாள் எழுத்து அறிவிப்பு கொடுத்து வங்கி மூடலாம், தவணை தவறியிருந்தால் உடனடியாகவே நிறுத்திவைக்கலாம். பழிவாங்க மூடினார்கள் என்று நிரூபிப்பது கடினம், ஏனென்றால் வேறு காரணம் சொல்ல அவர்களுக்கு இடம் இருக்கிறது. அதனால் அந்த 1,500 ராண்டை எப்போதும் இருக்கும் பணம் என்று எண்ணிச் செலவு செய்யாதீர்கள்.

உங்கள் அம்மாவைப் போன்றவர்களின் கணக்கு நடைமுறையில் முடங்குவது புகாரால் அல்ல. மூன்று காரணங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். கட்டணமும் வட்டியும் சேர்ந்து கணக்கு மைனஸில் போய், யாரும் கவனிக்காமல் விட்டு, கடைசியில் வசூல் பிரிவுக்கு அனுப்பப்படுவது ஒன்று. நீண்ட காலம் பயன்படுத்தாமல் கிடப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் அதிகம்: ஃபிகா, அதாவது வாடிக்கையாளர் யார் என்று வங்கி சரிபார்க்க வேண்டும் என்ற சட்டம். அடையாள அட்டையையும் முகவரிச் சான்றையும் புதுப்பிக்கச் சொல்லி வந்த செய்தியைக் கவனிக்காமல் விட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள். நம் வீடுகளில் இதில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர், மின்சாரக் கட்டண பில் இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும், அல்லது மகன் பெயரில் இருக்கும். அப்படியானால் மூன்று மாதத்துக்குள் வந்த பில், அப்பாவின் இறப்புச் சான்று அல்லது பில்லில் பெயர் உள்ளவரின் அடையாள அட்டை நகல், அம்மா அந்த முகவரியில்தான் வசிக்கிறார் என்ற அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். அஃபிடவிட்டைக் காவல் நிலையத்தில் இலவசமாகவே உறுதிமொழியிட்டுத் தருவார்கள். புகார்க் கடிதம் போகும் முன் இதை முடித்துவிட்டால், பிறகு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

அதோடு, கடிதம் அனுப்புவதற்கு முன்பே வேறொரு வங்கியில் அம்மா பெயரில் இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்துவிடுங்கள். ஓவர்டிராஃப்ட் இல்லாத, மாதக் கட்டணம் குறைந்த அடிப்படைக் கணக்கு போதும். திறந்தபின் அந்த வங்கியின் கணக்கு உறுதிக் கடிதத்தை வாங்கி, அம்மாவின் அடையாள அட்டையோடு சாஸா அலுவலகத்துக்கு அவரையே அழைத்துப் போய், பணம் செலுத்தும் முறையை மாற்றும் படிவத்தை நிரப்புங்கள். கணக்கு உதவி பெறுபவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். உங்கள் கணக்கு எண்ணைக் கொடுக்க முடியாது. மாதக் கடைசியில் போனால் அடுத்த மாதப் பட்டியல் ஏற்கெனவே தயாராகியிருக்கும்; மாதத்தின் முதல் பாதியிலேயே போங்கள். முதல் தொகை புதிய கணக்கில் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்க்கும் வரை பழைய கணக்கை மூடவே கூடாது. இது கடனைக் கட்டாமல் தப்பும் வழி அல்ல. கடன் தவணையை ஒழுங்காகக் கட்டிவரவேண்டும். தவணை நின்றால் 66-ஆம் பிரிவின் பாதுகாப்பைப் பேச உங்களுக்கு வாய் இருக்காது. ஆனால் சாப்பாட்டுக்கும் மருந்துக்குமான பணம், நீங்கள் வழக்காடும் வங்கியின் கையில் இருக்கக்கூடாது.

இனி பணத்துக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் 'வங்கிக் கட்டணம் எல்லாவற்றையும் திருப்பித் தா' என்ற மாதிரிக் கடிதங்கள் பெரும்பாலும் பிரிட்டனில் எழுதப்பட்டவை. அங்கே ஆயிரக்கணக்கானோர் அப்படி எழுதிப் பணம் வாங்கியது உண்மைதான். ஆனால் 2009 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்தப் பொதுவான வழியை அடைத்துவிட்டது. எப்படியானாலும் அந்தச் சட்டங்கள் இங்கே செல்லாது. அதில் வரும் விதி எண்களைத் தர்பன் வங்கிக்கு எழுதினால், எழுதியவருக்கு விஷயம் தெரியாது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இங்கே 'கட்டணம்' என்று மொத்தமாகக் கேட்க வழியில்லை. ஸ்டேட்மென்டில் ஒவ்வொரு வரியாக எடுத்து, இதை எடுத்தது யார், எந்த அனுமதியில் எடுத்தார் என்று பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு.

மிக எளிதானது அந்த 99 ராண்ட். இது பல ஆண்டாக நடக்கும் மோசடி. நூறு ராண்டுக்குக் கீழே எடுத்தால் பலருக்குக் கைபேசிச் செய்தி வராது என்பதால்தான் 99. பழைய வகை டெபிட் ஆர்டரில், அனுமதி இருப்பதாக வசூலிப்பவர் சொல்வதை நம்பியே பணம் போய்விடுகிறது. வங்கியின் செயலியிலோ தொலைபேசியிலோ கிளையிலோ 'நான் அனுமதிக்கவில்லை' என்று மறுத்தால் தொகை திரும்பும். பணம் போன நாளிலிருந்து 40 நாளுக்குள் செய்துவிடுங்கள். தாமதமானால் வங்கி வசூலித்தவரிடம் அனுமதிப் பத்திரத்தைக் கேட்டு, அது வந்த பிறகுதான் முடிவு செய்யும், அதற்கு வாரக்கணக்காகும். ஆகவே கடைசி மாதத்தை இன்றே மறுத்துவிடுங்கள், முந்தைய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மறுத்ததோடு நிறுத்திவிடாதீர்கள். பெயரில் ஓரெழுத்தை மாற்றி, தொகையை 89 என்றோ 95 என்றோ ஆக்கி மறுபடி வருவார்கள், ஏனென்றால் வங்கி போடும் தடை பெரும்பாலும் அந்தப் பெயருக்கும் தொகைக்கும் மட்டுமே. ஸ்டேட்மென்டில் உள்ள தொலைபேசி எண்ணை அழைத்து அம்மாவின் அடையாள எண்ணைச் சொல்லவே வேண்டாம். டெபிசெக் என்ற முறை இதைத் தடுக்கவே வந்தது: அதில் கைபேசியில் ஒப்புதல் கேட்டுத்தான் டெபிட் ஆர்டர் பதிவாகும். அப்படி அம்மா ஒப்புக்கொண்டதை, ஒப்பந்தப்படி எடுக்கப்பட்டிருந்தால், பிறகு மறுக்க முடியாது. தெரியாத எண்ணிலிருந்து வரும் ஒப்புதல் கேள்விக்கு அவர் 'ஆம்' அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் பலர் கோட்டைவிடுவது தொடர் இழப்பை. 99 ராண்ட் போனதால் இருப்புக் குறைந்து, மறுநாள் பாலிசித் தவணை திரும்பியிருந்தால், அந்தத் திரும்பல் கட்டணமும் மோசடியின் விளைவுதான். 'இந்த நாளில் இருப்பு இவ்வளவு. அந்த 99 போகாமல் இருந்திருந்தால் தவணை போயிருக்கும்' என்று கணக்குப் போட்டுக் காட்டி அதையும் கேளுங்கள். கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் இந்தத் தொகை 99-ஐவிட அதிகமாக இருக்கும். அதே சமயம் ஒரு எச்சரிக்கை: கையெழுத்துப் போட்டு எடுத்த பாலிசியின் தவணையைத் 'தெரியாதது' என்று மறுக்காதீர்கள். அது பொய்யான மறுப்பு. அதைவிட, தவணை நின்று பாலிசி காலாவதியானால், குடும்பத்தில் ஒரு சாவு நேரும் நாளில்தான் அது தெரியவரும். டெபிட் ஆர்டரை நிறுத்துவது ஒப்பந்தத்தை முடிப்பதாகாது.

திரும்பிய டெபிட் ஆர்டருக்கான கட்டணம்தான் உங்கள் அம்மாவை அதிகம் உறிஞ்சியிருக்கிறது. இதில்தான் சட்டம் தெளிவாக இல்லை. போட்டி ஆணையம் 2006-இல் தொடங்கிய வங்கித்துறை விசாரணை 2008-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தக் கட்டணங்களைக் கடுமையாக விமர்சித்தது. அதன்பின் பல வங்கிகள் குறைத்தன. ஆனால் 'இதற்குமேல் வாங்கக்கூடாது' என்று ஒரு சட்டம் வரவில்லை. 1962-ஆம் ஆண்டின் ஒப்பந்த அபராதச் சட்டம், இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நீதிமன்றம் குறைக்கலாம் என்கிறது. வங்கியோ இது அபராதமல்ல, சேவைக் கட்டணம் என்று வாதிடும். யார் வெல்வார்கள் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. இந்த ஒன்றை மட்டும் நம்பிக் கடிதம் எழுதாதீர்கள். வெல்லக்கூடிய சந்தர்ப்பங்கள் வேறு. கட்டணப் பட்டியலில் உள்ளதைவிட அதிகமாக எடுத்திருந்தால் திரும்பக் கிடைக்கும். அந்தந்த ஆண்டின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சில வங்கிகள் ஜனவரியில் மாற்றும், சில ஜூலையில். ஒரே தவணையை ஒரே மாதத்தில் இரண்டு மூன்று முறை முயன்று, ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் எடுத்திருந்தால் அதையும் கேளுங்கள். அத்தனை முறை முயல வசூலிப்பவருக்கு அனுமதி இருந்ததா என்று பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். கணக்கில் பணம் வந்தும் வங்கி தாமதமாக வரவு வைத்ததால் திரும்பியிருந்தால் அது வங்கியின் தவறு. மீதிக்கு, வயதும் வருமானமும் சொல்லி நல்லெண்ண அடிப்படையில் கேட்கலாம். கொடுப்பது அவர்கள் விருப்பம். மரியாதையாக, குறிப்பிட்ட தொகையைச் சொல்லிக் கேட்டால் ஒரு பகுதி கிடைப்பது அரிதல்ல.

இந்தக் கட்டணம் இனியும் ஓடாமல் நிறுத்துவது, பழையதைத் திரும்ப வாங்குவதைவிட எளிது. தேதிப் பொருத்தத்தைப் பாருங்கள். உதவித்தொகை மாதத்தின் முதல் சில நாளில் வருகிறது. டெபிட் ஆர்டரோ சம்பளக்காரருக்கென்று 25-ஆம் தேதியிலோ 1-ஆம் தேதியிலோ போடப்பட்டிருக்கும். உதவித்தொகை வருமுன்னே கேட்டால் கணக்கில் என்ன இருக்கும்? பாலிசி நிறுவனத்துக்கும் கடைக்கும் சொல்லித் தேதியை 6 அல்லது 7-க்கு மாற்றுங்கள். அதை எழுத்தில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். டெபிசெக் என்றால் மாற்றத்துக்கும் அம்மாவின் கைபேசியில் ஒப்புதல் கேட்கலாம். உதவித்தொகையைப் புதிய கணக்குக்கு மாற்றும்போது டெபிட் ஆர்டர்களையும் மறக்காமல் மாற்றுங்கள். இல்லாவிட்டால் வெறும் கணக்கில் அவை மோதி மோதித் திரும்பும்.

உதவித்தொகையிலிருந்து வங்கியே கடன் பாக்கியை எடுத்துக்கொண்டது வேறு விஷயம். இதில் சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம். ஒரு கணக்கில் உள்ள பணத்தை இன்னொரு கடனுக்கு வங்கி தானாக ஈடுகட்டிக்கொள்வது பழைய வழக்கம். தேசியக் கடன் சட்டத்தின் 90 மற்றும் 124-ஆம் பிரிவுகளின்படி, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் கடனுக்கு, எந்தக் கணக்கு, எவ்வளவு, எப்போது என்று குறிப்பிட்டு வாடிக்கையாளர் தந்த அனுமதி இல்லாமல் இப்படி எடுக்க முடியாது. வங்கிகள் பழைய பொதுச் சட்டத்தைச் சொல்லித் தொடர்ந்து எடுத்துவந்தன. ஜொகானஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2019-இல், தேசியக் கடன் ஒழுங்காணையம் ஸ்டாண்டர்ட் வங்கிக்கு எதிராகக் கொண்டுவந்த வழக்கில், அந்தப் பொதுச் சட்ட உரிமை இத்தகைய கடன்களுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. ஆகவே அந்தத் தொகையை முழுவதும் திருப்பிக் கேளுங்கள். ஆனால் கேட்கும் முன் கடன் ஒப்பந்தத்தின் நகலைப் பாருங்கள். மாதத் தவணையை இந்தக் கணக்கிலிருந்து இந்தத் தேதியில் எடுக்கலாம் என்று அம்மா கையெழுத்திட்ட டெபிட் ஆர்டர் இருந்து, எடுத்தது அந்தத் தவணை மட்டும்தான் என்றால், அது ஈடுகட்டல் அல்ல. தவணையைவிட அதிகமாக, பாக்கி என்று சேர்த்து எடுத்திருந்தால் அந்த மிகுதிதான் உங்கள் கோரிக்கை. அதேபோல, மைனஸில் இருந்த அதே கணக்கில் உதவித்தொகை விழுந்து மைனஸ் குறைந்தால், அதையும் இந்தப் பிரிவில் வாதிடுவது கடினம். இரண்டாவது கணக்கை முதலில் சொன்னதற்கு இதுவும் காரணம்.

கடனுக்குள்ளேயே போட்ட கட்டணங்களுக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு, அதனால் சரிபார்ப்பது எளிது. அடமானம் இல்லாத சிறு கடனுக்குத் தொடக்கக் கட்டணம் 165 ராண்ட், அதோடு 1,000-க்கு மேலுள்ள தொகையில் 10 சதவீதம், அதிகபட்சம் 1,050, கடன் தொகையில் 15 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. அம்மாவின் 6,000-க்குக் கணக்கிட்டால் 165-உம் 500-உம் சேர்ந்து 665. 15 சதவீத வாட் வரி சேர்த்தால் 764.75 ராண்ட். மாதச் சேவைக் கட்டணம் 60, வரியோடு 69. கடன் காப்பீடு என்று எடுத்திருந்தால், 2017-இல் வந்த விதிப்படி மீதமுள்ள ஒவ்வொரு 1,000-க்கும் மாதம் 4.50 ராண்டுக்கு மேல் போகக்கூடாது. 6,000 மீதமிருக்கும்போது 27, கடன் குறையக் குறைய இதுவும் குறைய வேண்டும். அந்தக் காப்பீட்டில் வேலையிழப்புக்கான பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உதவித்தொகையில் வாழும் 71 வயதுப் பெண்ணுக்கு வேலையிழப்புக் காப்பீடு விற்பதில் எந்த நியாயமும் இல்லை. வாடிக்கையாளரின் உண்மையான அபாயத்துக்குப் பொருந்தாத காப்பீட்டை வற்புறுத்தக்கூடாது என்று 106-ஆம் பிரிவு சொல்கிறது. வேறு நிறுவனத்தில் தானே காப்பீடு எடுத்துக்கொள்ளும் உரிமையும் அம்மாவுக்கு உண்டு. கடன் கணக்கில் ஏதாவது ஒரு வரி தவறாகத் தோன்றினால் 111-ஆம் பிரிவின்படி எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள்: வங்கி அந்த வரியை விளக்க வேண்டும், இல்லையேல் தவறென்று ஒப்பித் திருத்த வேண்டும், அதுவரை அந்த வரியால் வந்த பாக்கியைக் காட்டி வழக்குத் தொடர முடியாது.

கணக்கின் மாதக் கட்டணத்தைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அடக்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள விலை அதிகம் என்பது மட்டும் காரணமாகாது. அம்மாவைக் கேட்காமல் விலை கூடிய கணக்கு வகைக்கு மாற்றியிருந்தாலோ, மூத்தோருக்கான சலுகை இருந்தும் போடாமல் விட்டிருந்தாலோ கேட்கலாம்.

காலம் முக்கியம். 1969-ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி இத்தகைய பணக் கோரிக்கைக்கு மூன்று ஆண்டுதான். ஆகவே மூன்று ஆண்டு ஸ்டேட்மென்டை எடுங்கள். செயலியில் கிடைப்பதை முதலில் இறக்குங்கள், இலவசம். கிளையில் பழையதை அச்சிடக் கட்டணம் கேட்பார்கள். பிறகு ஒரு தாளில் தேதி, ஸ்டேட்மென்டில் உள்ள வாசகம் அப்படியே, தொகை, எந்த வகை, ஏன் தவறு என்று வரிசையாக எழுதுங்கள். மூன்றாவது ஆண்டு முடியப்போகும் வரிகளுக்கு அடியில் கோடிடுங்கள். அவற்றுக்காகவே கடிதத்தைத் தள்ளிப்போடக்கூடாது. கடிதத்தில் கோபம் வேண்டாம். வகைவாரியாக மொத்தம், எந்த விதி, திருப்பித் தரவேண்டிய தொகை, பதிலுக்கு 20 வேலைநாள் அவகாசம், 66-ஆம் பிரிவு பற்றி ஒரு வாக்கியம். இரண்டு பக்கம் போதும், பட்டியல் இணைப்பு. நம் அரசமைப்பு தமிழை மதிக்கச் சொன்னாலும் அது அலுவல் மொழி அல்ல. கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி, அதில் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குத் தமிழில் விளக்கிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கணக்கு அவருடையது, எனவே உங்களிடம் வங்கி பேசாது. மகன் என் சார்பில் பேசலாம் என்று அம்மா கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும், இருவரின் அடையாள அட்டை நகலும் சேர்த்து அனுப்புங்கள். கிளை மேலாளரிடம் வாயால் சொல்வது புகாராகாது. வங்கியின் புகார்ப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பதிவு எண்ணை வாங்குங்கள். தொலைபேசியில் அழைத்தால், பேசியவர் பெயர், நேரம், சொன்னது மூன்றையும் குறித்துவையுங்கள்.

வங்கி மறுத்தாலோ மௌனம் காத்தாலோ அடுத்தது நேஷனல் ஃபைனான்ஷியல் ஓம்பட், அதாவது நிதி நிறுவனங்கள்மீதான புகார்களை விசாரிக்கும் நடுவர் அலுவலகம். வங்கி, கடன், இரண்டு காப்பீட்டுத் துறைகள் என்று தனித்தனியாக இருந்த நான்கு ஓம்பட் அலுவலகங்கள் 2024 மார்ச் 1 முதல் இதில் ஒன்றாகிவிட்டன. கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. வங்கியிடம் முதலில் கேட்டுவிட்டேன் என்பதற்கான பதிவு எண்ணைக் கேட்பார்கள். வங்கி தன் விதியை மீறியதா, தவறாகக் கழித்ததா, அனுமதியில்லாமல் எடுத்ததா என்பதை அவர்கள் நன்றாகவே பார்ப்பார்கள். விலை நிர்ணயம் வங்கியின் வணிக முடிவு என்று அதில் தலையிடமாட்டார்கள். அதனால் 'கட்டணம் கொள்ளை' என்று எழுதினால் தள்ளுபடியாகும். 'இந்த நாளில் அனுமதியில்லாமல் இவ்வளவு எடுத்தார்கள்' என்று எழுதினால் கோப்பு திறக்கும். சிறு உரிமைகோரல் நீதிமன்றமும் இருக்கிறது: 20,000 ராண்ட் வரை, வழக்கறிஞர் இருபுறமும் கிடையாது, முதலில் 14 நாள் அவகாசத்தோடு கோரிக்கைக் கடிதம், பிறகு நீதிமன்ற எழுத்தரிடம் சம்மன். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரத்தை ஓம்பட் எடுக்காது என்பதால், முதலில் ஓம்பட், அங்கே முடியாவிட்டால் நீதிமன்றம் என்பதே என் யோசனை. மூன்றாண்டுக் கெடு நெருங்கிவிட்ட தொகை பெரிதாக இருந்தால் மட்டும், தர்பனில் உள்ள சட்ட உதவி அலுவலகத்திலோ பல்கலைக்கழகச் சட்ட மையத்திலோ ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு வரிசையை முடிவு செய்யுங்கள்.

பெரும்பாலும் நடுவில் ஒரு தொலைபேசி வரும்: 'இவ்வளவு தருகிறோம், முடித்துக்கொள்ளலாமா?' அவசரத்தில் அம்மா சரி என்று சொல்லிவிடாமல் பாருங்கள். எந்தெந்த வரிகளுக்கான தொகை என்று எழுத்தில் கேளுங்கள். 'முழுமையான, இறுதியான தீர்வு' என்ற சொற்கள் அந்தக் கடிதத்தில் இருந்தால், அதில் கையெழுத்திட்ட பிறகு மீதியைக் கேட்க முடியாது. கட்டணங்களுக்காக அவர்கள் தருவது நியாயமாகப் பட்டால், அதை ஏற்றுக்கொண்டு, உதவித்தொகையிலிருந்து எடுத்த தொகை இதில் அடங்காது, அதன் கோரிக்கை தொடர்கிறது என்று ஒரு வரி சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள்.